கரண்டு (ரேடியேஷன்) வைக்கும் முன்பே அப்பாவுக்கு 8 கிலோ குறைந்துவிட்டது: சிகிச்சை தொடங்கும்வரை என்ன செய்யலாம்?

#1 தேவகோட்டையான்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், இடது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. ஆபரேஷன் இல்லை. 35 சிட்டிங் ரேடியேஷன், கூடவே வாரம் ஒரு கீமோ என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆட்டம் கண்டிருந்த நான்கு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. அந்தப் புண் ஆறிய பிறகுதான் மாஸ்க், பிளானிங் சிடி (ரேடியேஷனைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேன்) எல்லாம். முதல் சிட்டிங்குக்கு இன்னும் மூன்று வாரம் ஆகும்.

என் கவலை எடை. பொங்கல் சமயத்தில் 71 கிலோ இருந்தார். இப்போது ஆடி பிறந்திருக்கிறது, 63. உயரம் 168 செ.மீ. ஓபியில் இளம் டாக்டர் ஒருவர், "பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22, ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) 3.9, பரவாயில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்றார். அதே சீட்டைப் பார்த்த டயட்டீஷியன், "சத்துக்குறைவு கடுமையாக இருக்கிறது, தொடங்கும் முன்பே வயிற்றில் ட்யூப் வைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போது அவர் சாப்பிடுவது இவ்வளவுதான்: காலையில் சாம்பாரில் ஊறவைத்த இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி, மதியம் குழைந்த ரசம் சாதம் ஒரு கிண்ணம், சாயங்காலம் டீயில் நனைத்த பிஸ்கட், ராத்திரி ஒரு டம்ளர் பால், ஓர் இட்லி. காரம் பட்டால் எரிகிறது. கெட்டியாக இருந்தால் விழுங்க வலிக்கிறது. தண்ணீர் குடித்தால் இருமல் இல்லை.

பத்து வருடமாகச் சர்க்கரை வேறு இருக்கிறது. பெரியப்பா, "இனிப்பும் பாலும் புற்றுக்குத் தீனி, இரண்டையும் நிறுத்து" என்று தினமும் போன் செய்கிறார். அம்மா எதையும் கொடுக்கப் பயப்படுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மாமியார்_வீடு

நாங்களும் கிட்டத்தட்ட இதே நிலையில்தான் இருக்கிறோம். மாமாவுக்குக் கன்னத்தில், ஹான்ஸ் (மெல்லும் புகையிலை) பழக்கத்தால் வந்தது. வாய் இரண்டு விரல்கூடத் திறக்காது. பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

#3 மட்டுறுத்துநர்

மருந்தின் பெயர், அளவு சொல்லி யாரும் இங்கே பரிந்துரைக்க வேண்டாம். அனுபவமும் பொதுவான விவரமும் பகிரலாம். தேவகோட்டையான், மருத்துவமனைச் சீட்டில் பெயர் தெரியும் படம் எதையும் போடாதீர்கள்.

#4 சத்துக்கணக்கு

நான் புற்றுநோய்ப் பிரிவில் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன். தம்பி, உங்கள் டயட்டீஷியன் பார்த்தது சரி.

71இல் 8 போனால் 11 சதவீதத்துக்கு மேல். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ தானாகக் குறைந்தால் அதைக் கடுமையான எடை இழப்பு என்றுதான் எடுத்துக்கொள்வோம். தலை, கழுத்துப் புற்றுநோயில் இந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்குச் சிகிச்சையின்போது தொற்று, இடைநிறுத்தம், அட்மிஷன் எல்லாம் அதிகம். பிஎம்ஐ இன்றைய எடையை மட்டும் பார்க்கும். நேற்று எவ்வளவு இருந்தது என்று அதற்குத் தெரியாது. 95 கிலோ இருந்தவர் 80க்கு இறங்கினாலும் அது அவரைக் குண்டு என்றுதான் சொல்லும். அந்த 15 கிலோவில் எவ்வளவு தசை போயிற்று என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

2019இல் உலகளவில் உணவியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட 'க்ளிம்' அளவுகோலும் இதையேதான் சொல்கிறது: எடை இழப்பு, குறைந்த பிஎம்ஐ, தசைக் குறைவு மூன்றில் ஒன்றும், உணவு குறைந்தது அல்லது உடலில் அழற்சி என்ற இரண்டில் ஒன்றும் இருந்தால் போதும், அது சத்துக்குறைவு. ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கடுமையான வகை. அப்பாவுக்கு மூன்றும் பார்க்கவே வேண்டாம், முதலாவதே போதும்.

சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். தோராயமாக 900 கலோரி, புரதம் 25 கிராம் வருகிறது. அவருக்குத் தேவை கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை வரை. அதாவது நாளைக்கு 1,600 முதல் 1,900 கலோரி, 75 கிராமுக்கு மேல் புரதம். கலோரி பாதிதான் கிடைக்கிறது, புரதம் மூன்றில் ஒரு பங்கு. ரேடியேஷன் தொடங்காமலே இப்படி என்றால், மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண் வரும்போது எதை வைத்துச் சமாளிப்பார்?

இன்று மாலை விரிவாக எழுதுகிறேன். அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள்: வீட்டில் ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, அதே மாதிரி உடையில் வாரம் இருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள்.

#5 ஹவுஸ்சர்ஜன்

மேடம் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஆல்புமின் 3.9 என்பதை ஒரேயடியாக ஒதுக்க முடியுமா? எங்கள் கேஸ் ஷீட்டில் சத்து நிலை என்ற கட்டத்தில் அதைத்தானே எழுதச் சொல்கிறார்கள்.

#6 சத்துக்கணக்கு

எழுதச் சொல்கிறார்கள், உண்மைதான். பழைய பழக்கம். ஆல்புமினின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 20 நாள். பட்டினி கிடப்பவருக்கு அது உடனே இறங்காது. மாறாக உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் நன்றாகச் சாப்பிடுபவருக்கும் இறங்கும். அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்கமே இதைச் சத்துக்குறைவின் அளவுகோலாக வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. குறைந்த ஆல்புமின் ஆபத்தின் அறிகுறி, சரி. நல்ல ஆல்புமினை நல்ல சத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீர் வற்றிப்போனவருக்கு அது உயர்ந்துகூடக் காட்டும், டாக்டர். இவர் குடிக்கும் அளவைப் பார்த்தால் அதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

#7 மெஷின்_அறை

ரேடியேஷன் டெக்னாலஜிஸ்ட் பேசுகிறேன். எடை ஏன் முக்கியம் என்று எங்கள் பக்கத்துக் காரணம் ஒன்று சொல்கிறேன், இதை யாரும் நோயாளி வீட்டாரிடம் விளக்குவதில்லை.

முகத்துக்கும் தோளுக்கும் ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்வோம். வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்தினால் அப்படியே அச்சு எடுக்கும். அதைப் போட்டுப் படுக்கவைத்துத்தான் பிளானிங் சிடி. தண்டுவடத்துக்கு எவ்வளவு கதிர், எச்சில் சுரப்பிக்கு எவ்வளவு என்று மில்லிமீட்டர் கணக்கில் போட்ட திட்டம் எல்லாம் அந்த ஒரு நாள் முகத்துக்குத்தான். நான்காவது வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனால் மாஸ்க் உள்ளே தலை ஆடும். கட்டி சுருங்குவதும் காதடியில் உள்ள பெரிய எச்சில் சுரப்பி சுருங்கி உள்பக்கம் நகர்வதும் வேறு. அப்போது புது மாஸ்க், புது சிடி, புதுத் திட்டம். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் அதற்குச் சில நாள் போய்விடும். தலை, கழுத்துச் சிகிச்சையில் இடைவெளி விழுவது நல்லதல்ல, விட்ட நாட்களில் புற்றணுக்கள் மறுபடி பெருகும்.

அதனால் தம்பி, மாஸ்க் செய்யும் நாளுக்கு முன் எடை நிலைத்து நிற்க வேண்டும். தினமும் இறங்கிக்கொண்டே இருக்கும் நேரத்தில் அச்சு எடுத்தால் தொடங்கும்போதே லூசாக இருக்கும். தாடி வைத்திருந்தால் மாஸ்க்குக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள், பிறகு எடுத்தாலும் அளவு மாறும்.

#8 இயற்கைவழி

நீங்கள் எல்லோரும் உடலில் மேலும் மேலும் திணிக்கச் சொல்கிறீர்கள். புற்றுநோய்ச் செல் சர்க்கரையைத்தான் தின்னும், இது நோபல் பரிசு வாங்கிய வார்பர்க் சொன்னது. சாப்பாட்டைக் குறைத்து, காய்ச்சாறு, கோதுமைப்புல் சாறு, ஒருவேளை உபவாசம் என்று இருந்தால் கட்டி தானே பட்டினி கிடக்கும். பெரியப்பா சொல்வதைக் கேளுங்கள். பத்தியம் என்பதை நம் முன்னோர் சும்மா வைக்கவில்லை.

#9 ஆறிய_நாக்கு

ஐயா, நான் இதே சிகிச்சையை முடித்து வந்தவன். குரல்வளைக்கு மேல்பக்கம் எனக்கு. உபவாசம் நான் தனியாக இருக்கவேண்டிய தேவையே வரவில்லை, மூன்றாவது வாரத்திலிருந்து அதுவே வந்துவிட்டது. கட்டி பட்டினி கிடந்ததா தெரியாது. நான் கிடந்தேன்.

#10 சத்துக்கணக்கு

#8க்கு. வார்பர்க் 1931இல் நோபல் பெற்றது செல் சுவாசம் பற்றிய நொதிக்காக. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுக்கும் என்று அவர் கண்டதும் உண்மைதான், பெட் ஸ்கேன் (புற்று உள்ள இடத்தைக் காட்டும் ஸ்கேன்) அந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் சோற்றை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துவிடாது. கல்லீரல் உங்கள் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்யும், கட்டி அதை எடுத்துக்கொள்ளும். பட்டினியின் செலவு முழுக்க நோயாளியின் தசைக் கணக்கில். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் எடை குறைந்துகொண்டிருக்கும்போது உபவாசம் இருக்கவேண்டாம் என்பதில் ஐரோப்பிய வழிகாட்டுதலும் தெளிவாக இருக்கிறது.

பத்தியத்தில் காரம், புளி, சூடு, வறுத்தது தவிர்க்கச் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பகுதியை நானே ஆதரிப்பேன். வாய்ப்புண்ணுக்கு அது சரியான யோசனை. முட்டை, பால், தயிர், மீன், கடலை எல்லாவற்றையும் ஒரு வரியில் அடித்துவிடுவதுதான் பிரச்சினை. நம் வீடுகளில் நோயாளி என்றாலே கஞ்சி, ரசம், பிரெட் என்று மூன்றுக்குள் முடித்துவிடுகிறார்கள். மூன்றிலும் புரதம் பேருக்குத்தான்.

தேவகோட்டையான், இப்போது உங்கள் அப்பா சாப்பாடு. அவருக்குப் புதிதாக எதுவும் ஊட்டவேண்டாம், அவர் தின்னும் அதே கிண்ணத்துக்குள் கனத்தை ஏற்றுங்கள். கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சுங்கள். அதில் நைசாக அரைத்துச் சலித்த பொட்டுக்கடலை மாவு, வறுத்து அரைத்த வேர்க்கடலை மாவு. இரண்டும் நாளைக்கு 50, 50 கிராம் உள்ளே போனாலே 23, 24 கிராம் புரதம், 450 கலோரிக்குக் குறையாது. சலிக்காமல் போட்டால் தொண்டையில் ஒட்டும், அப்புறம் அவர் கஞ்சியையே வெறுத்துவிடுவார். பூஞ்சை வாடை அடிக்கும் கடலையைக் கண்டிப்பாகத் தூக்கிப்போடுங்கள். ரசம் சாதத்துக்குப் பதில் பருப்புக் கடைசலும் நெய்யும் போட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. முழுதாக வெந்த முட்டையை மசித்து அதிலேயே கலக்கலாம், ஒரு முட்டைக்கு 6 கிராம். நாளைக்கு இரண்டு, மூன்று கொடுக்கலாம். அரைவேக்காடு, பச்சை முட்டை மட்டும் வேண்டாம், கீமோவில் வெள்ளணு குறையும், தொற்று எளிதில் வரும். நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு மேசைக்கரண்டி 120 கலோரிக்குக் குறையாது, மூன்று வேளையும் ஒவ்வொரு கரண்டி. ராத்திரி பாலோடு இன்னும் ஒரு டம்ளர், கெட்டித் தயிர் ஒரு கிண்ணம். முட்டை, கடலை, பால், தயிர் எல்லாம் சேர்ந்தாலே 60 கிராம் புரதம் கூடுகிறது.

ஆட்டுக்கால் சூப் பற்றி யாராவது கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். சூடாகக் குடிக்க இதமாக இருக்கும், உப்பும் நீரும் கிடைக்கும். புரதம் பெரும்பாலும் கறியிலேயே நின்றுவிடும். சூப் கொடுத்தால் கறியையும் வேகவைத்து அரைத்து அதில் சேருங்கள்.

சர்க்கரை நோய்க்கு: வெல்லம், குளுக்கோஸ் பவுடர், ஜூஸ் வழியாகக் கலோரி ஏற்ற வேண்டாம். மேலே சொன்னது பெரும்பாலும் எண்ணெய், கடலை, முட்டை, பால்தான். சாப்பாடு கூடினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அதற்கு மருந்தை மாற்றுவது டாக்டர் வேலை. சாப்பாட்டைக் குறைப்பது உங்கள் வேலை அல்ல. கீமோ நாட்களில் வாந்தி தடுக்கப் போடும் ஸ்டீராய்டாலும் சர்க்கரை எகிறும். அதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தபின் பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் தாழ்சர்க்கரை வரும் ஆபத்தும் இருக்கிறது.

#11 மாமியார்_வீடு

மேடம், வாயே திறக்காதவருக்கு?

#12 சத்துக்கணக்கு

பாக்கு, புகையிலை மென்று உள்ளே தழும்பேறி இறுகிய வாய் என்றால் விழுங்குவதில் சிக்கல் இல்லாமலும் இருக்கலாம், உள்ளே செலுத்துவதுதான் பாடு. மேலே சொன்ன கலவையை இன்னும் நீர்த்த பதத்தில் அரைத்து ஸ்பூனால் அல்லது நுனியில் ரப்பர் குழாய் மாட்டிய சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகச் செலுத்தலாம். வாய் திறக்கும் பயிற்சியை ரேடியேஷனுக்கு முன்பே பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள், ரேடியேஷனில் தாடைத் தசை இன்னும் இறுகும். மாமா இப்போது எவ்வளவு சாப்பிடுகிறார்?

#13 மாமியார்_வீடு

இரண்டு வாரமாக டீயும் இளநீரும்தான் மேடம். இன்று மூக்கில் ட்யூப் போட்டுவிட்டார்கள். அத்தை நாளையிலிருந்து ஒரேயடியாக இரண்டு லிட்டர் ஏற்றித் தேற்றிவிடலாம் என்று சத்துமாவு, பால், முட்டை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்.

#14 சத்துக்கணக்கு

தயவுசெய்து வேண்டாம், அத்தையை நிறுத்துங்கள். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்குத் திடீரென முழு உணவு போனால் இன்சுலின் எழும்பி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பு தப்பும், மூச்சுத் தசை தளரும். உயிருக்கே ஆபத்தான விஷயம் இது. இவருக்கு இந்த உப்புகளை ரத்தத்தில் பார்த்துவிட்டு, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, கிலோவுக்குச் சுமார் 10 கலோரியில் தொடங்கிச் சில நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் தயமின் இன்னும் அவசியம். அதுவும் வீட்டில் அல்ல, வார்டில். ட்யூப் போட்டவர்களிடம் இன்றே இதைச் சொல்லுங்கள்: "இரண்டு வாரம் சாப்பிடவில்லை, பாஸ்பேட் பார்த்தீர்களா?"

#15 மாமியார்_வீடு

கேட்டுவிட்டேன். பார்க்கவில்லையாம், இப்போது ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அத்தை என்மேல் கோபமாக இருக்கிறார். பரவாயில்லை.

#16 தேவகோட்டையான்

எல்லோருக்கும் நன்றி. ட்யூப் விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை. அப்பா ட்யூப் என்றாலே "கடைசிக் கட்டமா?" என்கிறார். முன்பே வைப்பது நல்லதா, தேவைப்படும்போது வைக்கலாமா?

#17 ஆறிய_நாக்கு

எனக்கு நான்காவது வாரம் மூக்கு வழியாக வைத்தார்கள். வைத்த அன்று அழுதேன், மறுநாள் இரவு வயிறு நிறைந்து தூங்கினேன். சிகிச்சை முடிந்த பின்னும் பல வாரம் இருந்தது. வாய்ப்புண் கடைசி சிட்டிங்கோடு நிற்காது, முடிந்த முதல் இரண்டு வாரம்தான் மிக மோசம். எனக்கு எல்லா உணவும் ஈரமண் ருசியில் இருந்தது, இனிப்பு திரும்பி வரத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. அப்பாவிடம் சொல்லுங்கள்: ட்யூப் வைத்த பின்னும் நான் தினமும் தண்ணீராவது விழுங்கிக்கொண்டே இருந்தேன். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன பயிற்சி அது. விடவே கூடாது என்றார். என்னோடு சிகிச்சை எடுத்த ஒருவர், ட்யூப் இருக்கிறதே என்று வாயால் விழுங்குவதையே நிறுத்திவிட்டார். அவருக்கு அதன்பின் விழுங்குவது பெரிய போராட்டம் ஆகிவிட்டது.

#18 ஹவுஸ்சர்ஜன்

இதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முன்கூட்டியே வயிற்றில் வைத்தால் சிகிச்சைக் காலத்தில் எடை இழப்பு குறைவு, திடீர் அட்மிஷன் குறைவு என்பது ஒரு பக்கம். நீண்ட நாள் ட்யூபை நம்பியிருப்பது, தொண்டைத் தசை வேலையற்றுப்போவது, துளையில் தொற்று என்பது மறுபக்கம். மூக்கு வழி ட்யூப் சுலபம், மலிவு, எடுப்பதும் சுலபம். ஆனால் உறுத்தும், பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், கழன்றுவிழும். ட்யூப் நாலு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்று வழியை யோசிப்பது பொதுவான வழக்கம். உங்கள் அப்பாவுக்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன: 10 சதவீதம் தாண்டிய இழப்பு, விழுங்க வலி, கீமோவும் சேர்ந்த சிகிச்சை. ஆகவே டயட்டீஷியன் அப்படிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு இருமல் இல்லாமல் விழுங்க முடிகிறது என்பது உங்கள் பக்கம் உள்ள பலம்.

#19 சத்துக்கணக்கு

டாக்டரோடு உடன்படுகிறேன். நான் கூடுதலாகக் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: ட்யூப் வேண்டாம் என்று முடிவெடுத்தால், எந்த இடத்தில் மனம் மாற்றிக்கொள்வது என்று இப்போதே எழுதி வாங்குங்கள். தேவையில் 60 சதவீதத்துக்கும் குறைவாக ஒன்று, இரண்டு வாரம் சாப்பிட்டால் போதவில்லை என்று பொருள். அந்தக் கோடு வரும்போது "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். அந்தத் தள்ளலில்தான் நான்கு, ஐந்து கிலோ போய்விடும்.

#20 இயற்கைவழி

கடைகளில் விற்கும் சத்துப் பவுடர் வியாபாரத்துக்காகத்தான் இத்தனை விளம்பரம் என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

#21 சத்துக்கணக்கு

அதில் பாதி உங்களோடு வருகிறேன். 2005இல் லிஸ்பனிலிருந்து ஒரு நல்ல ஆய்வு வெளிவந்தது. ரேடியேஷன் எடுக்கும் 75 தலை, கழுத்து நோயாளிகள், 25 பேராக மூன்று குழு. ஒரு குழுவுக்கு அவரவர் வழக்கமான உணவை வைத்தே தனித்தனி ஆலோசனை, ஒரு குழுவுக்குப் புரத பானம், ஒரு குழு இஷ்டம்போல. சிகிச்சைக் காலத்தில் ஆலோசனைக் குழுவும் பானக் குழுவும் சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டார்கள். முடிந்து மூன்று மாதத்தில் பார்த்தால், அந்த நன்மை ஆலோசனைக் குழுவிடம் மட்டும்தான் நின்றது. டப்பா தீர்ந்ததும் அதன் பலனும் தீர்ந்தது என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

அதற்காகப் பவுடரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காலையில் மருத்துவமனைக்குப் பஸ் ஏறி, மத்தியானம் வரை வரிசையில் உட்காருபவருக்கு மிக்ஸியில் அரைத்த கஞ்சி கிடைக்காது. அந்த நேரத்துக்கு ஒரு பாட்டில் கையில் இருப்பது உதவும். விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, சாப்பாட்டுக்கு இடையில்.

#22 மெஷின்_அறை

பஸ் விஷயம் சரியாகச் சொன்னீர்கள். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் விடிகாலை கிளம்பி வெறும் வயிற்றோடு வருகிறார்கள். ரேடியேஷனுக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதையே பலருக்கு யாரும் சொல்லவில்லை! ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கழுத்துக்கு எடுப்பவர்கள் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சாப்பிட்ட உடனே மட்டும் படுக்கவேண்டாம், கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

#23 சேலத்துப்_பேத்தி

தாத்தாவுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் சிகிச்சை நடந்தபோது நான்தான் கூட இருந்தேன். சாப்பாட்டைவிட வலி மருந்து நேரம்தான் முக்கியம் என்று அங்கே ஒரு நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டுக்கு அரைமணி முன் மருந்து, பிறகு உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிப்பு, பிறகு கஞ்சி. வலியோடு ஊட்டினால் நாலு ஸ்பூன், மருந்துக்குப் பின் ஒரு கிண்ணம். மருந்து மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வயிறு இறுகினாலும் சாப்பிட மாட்டார்கள்.

#24 தேவகோட்டையான்

தகவல் சொல்லலாம் என்று வந்தேன். பல் எடுத்த இடம் ஆறிவிட்டது. நேற்று மாஸ்க்கும் சிடியும் முடிந்தன. எடை 64.1. கடந்த பத்து நாளாக அதற்குக் கீழே போகவில்லை. அம்மாவுக்கு #10ஐ அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டிவிட்டேன். வேர்க்கடலை மாவைச் சலிக்கும் வேலை என்னுடையது. முதல் நாள் சலிக்காமல் போட்டு அப்பா திட்டினார்.

சீனியர் டாக்டரிடம் இருவர் சொன்னதையும் வைத்தோம். விழுங்குவதை ஸ்கோப்பில் (கேமரா குழாயில்) பார்த்துவிட்டு, இப்போதைக்கு ட்யூப் வேண்டாம், 61 கிலோவுக்குக் கீழே இறங்கினாலோ ஒரு வாரம் பாதிச் சாப்பாடுகூட இறங்கவில்லை என்றாலோ மூக்கு வழியாக வைத்துவிடுவோம் என்று சீட்டிலேயே எழுதிக்கொடுத்தார். அப்பாவையும் அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா போட்டார். சர்க்கரை மாத்திரை ஒன்றைக் குறைத்து, கீமோ நாளுக்கு வேறு ஏற்பாடு சொல்லியிருக்கிறார்கள். விழுங்கும் பயிற்சி நேற்றே ஆரம்பித்தாயிற்று.

பெரியப்பா இன்னும் போன் செய்கிறார். இப்போது அம்மா எடுப்பதில்லை, அப்பாவே எடுத்து, "முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசு" என்று வைத்துவிடுகிறார்.

ஒரு சந்தேகம். காய்கறியை எப்படிச் சேர்ப்பது? கடைந்த கீரை இறங்குகிறது, மற்றவை நார் தட்டுகிறது.

#25 சத்துக்கணக்கு

64.1 நல்ல செய்தி தம்பி. பரங்கி, சுரை, கேரட் மூன்றையும் குக்கரில் குழைய வேகவைத்து அரைத்து, வடிகட்டியில் தேய்த்து, பருப்புக் கடைசலோடு சேர்த்துவிடுங்கள். ஆனால் காய்க்காக வயிற்றில் இடம் ஒதுக்கிப் புரதத்தைக் குறைக்க வேண்டாம். இந்த ஏழு வாரத்துக்குக் காய்கறி இரண்டாம்பட்சம். தக்காளி, எலுமிச்சை, அன்னாசி, ஆரஞ்சு இப்போதே நிறுத்துங்கள், எரியும். #2 மாமாவுக்கு எப்படி இருக்கிறது?

#26 மாமியார்_வீடு

பாஸ்பேட் குறைவாகத்தான் இருந்தது மேடம். நரம்பு வழியாக ஏற்றினார்கள். இப்போது ட்யூபில் நாளைக்கு 1,200 கலோரி வரை வந்திருக்கிறோம். பிளானிங் சிடி அடுத்த வியாழன். ட்யூப் வழியாகக் கொடுத்த பின் எவ்வளவு நேரம் உட்காரவைக்க வேண்டும்? அவர் உடனே படுத்துவிடுகிறார்.

#27 சத்துக்கணக்கு

கொடுக்கும்போதே தலைப்பக்கம் 30, 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்தபின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஆறவைத்த தண்ணீர் 30 மில்லி விட்டு ட்யூபைக் கழுவுங்கள், முட்டைக் கலவை உள்ளே காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். படுத்தே தீருவேன் என்றால் இரண்டு தலையணை போதாது, நழுவிவிடுவார். கட்டில் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள்.